ஆட்காட்டி கூவாத பெயர்

“தும்பை வர்றா! எல்லாரும் வாயை மூடுங்க!”

நாவல் மரத்துக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. தும்பையின் காதில் விழ வேண்டும் என்று யாரும் அதைச் சொல்லவில்லை. ஆனால் விழுந்துவிட்டது.

தும்பை அப்படியே நின்றாள். அவள் ஒரு சருகுமான் குட்டி. சருகுமான் முயல் அளவுதான் இருக்கும். உடம்பு காய்ந்த இலையின் நிறம். அதில் வெள்ளைப் புள்ளிகள். சருகுக்குள் படுத்துவிட்டால் பெற்ற தாயே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அது யாருடைய குரல் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆட்காட்டிக் குருவி சொர்ணத்தின் குரல். இந்த மழைக்காலம் வரைக்கும் சொர்ணம் அவளுடைய உயிர்த்தோழி.

தும்பை மரத்தைச் சுற்றிக்கொண்டு சுனைக்கரைக்கு வந்தாள். அங்கேதான் பள்ளிக்கூடம். ஒரு நொடி முன்புவரை அங்கே ஒரே கூச்சல். இப்போது மூச்சுச் சத்தம்கூட இல்லை. தவளைகள் கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தன. அணில்கள் தங்கள் வாலைத் தாங்களே கவ்விக்கொண்டிருந்தன. சொர்ணம் பாறைமேல் நின்று, அலகில் கோரைப்புல்லைச் சுற்றிக்கொண்டு, வானத்தைப் பார்த்தாள். வானத்தில் ஒன்றுமே இல்லை.

“என்ன பேசிக்கிட்டிருந்தீங்க?” என்று தும்பை கேட்டாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு அணில் மட்டும் ஓடிவந்து, நன்றாகக் கனிந்த நாவல் பழம் ஒன்றை அவள் முன்னால் வைத்தது. வைத்த வேகத்திலேயே திரும்பி ஓடிவிட்டது.

தும்பை பழத்தைப் பார்த்தாள். நேற்று வைத்த பழமும் அங்கேயே கிடந்தது. எறும்புகள் அதைச் சுற்றிக் கூட்டம் போட்டிருந்தன. எறும்புகளுக்காவது பேச்சுத் துணை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

முன்பெல்லாம் இப்படி இல்லை.

அந்தப் பள்ளியில் யார் யார் வந்தார்கள் என்று சொல்வது சொர்ணத்தின் வேலை. ஆட்காட்டிக்கு யாரைப் பார்த்தாலும் கூவாமல் இருக்க முடியாது. அதைப் பார்த்த முள்ளம்பன்றி டீச்சர், “எப்படியும் கத்தத்தான் போறே. பேரைச் சொல்லிக் கத்து!” என்று வேலையாகவே கொடுத்துவிட்டார்.

அதிலிருந்து தினமும் காலையில் சொர்ணம் பாறைமேல் ஏறி நிற்பாள்.

“அணில் வந்துட்டான்! வாய்க்குள்ளே என்னடா ஒளிச்சு வெச்சிருக்கே? துப்பு!”

“ஆமை அண்ணன் வந்துட்டாரு! நேத்தே கிளம்பிட்டீங்களா அண்ணே?”

“உடும்பு வந்துட்டான்! முகம் கழுவலை! கழுவினாலும் அப்படித்தான் இருக்கும்!”

தும்பையைப் பார்த்தால் மட்டும் றெக்கையை விரித்து ஒரு குதி குதிப்பாள். “தும்பை வந்துட்டா! நடக்கிற சருகு வந்துட்டா!”

அதைக் கேட்டால்தான் தும்பைக்குப் பள்ளிக்கூடம் வந்து சேர்ந்த மாதிரி இருக்கும்.

இப்போது சொர்ணம் எல்லோர் பெயரையும் கூவினாள். தூரத்திலிருந்தே தும்பைக்கு அது கேட்கும். அவள் பக்கத்தில் வந்ததும் எல்லாம் நின்றுபோகும். அவள் பெயரை மட்டும் சொர்ணம் கூவுவதில்லை.

“நான் என்ன தப்பு செய்தேன்?” தும்பை எவ்வளவோ யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

அவளுக்குத் தெரியாமல் ஒன்று நடந்திருந்தது.

மழைக்காலத் தொடக்கத்தில் ஓடிப் பிடிக்கும் விளையாட்டில் தும்பை மயங்கி விழுந்தாள். அவள் மூக்கு நுனி நீலமாகிவிட்டது. அம்மா அவளைக் கூகை வைத்தியரிடம் கூட்டிப்போனாள். கூகை அவள் நெஞ்சில் காதை வைத்து நெடுநேரம் கேட்டார்.

“பிறக்கும்போதே இதயத்துல ஒரு சின்ன ஓட்டை இருக்கும்மா. குழந்தை வளரட்டும், அப்புறம் அதை அடைக்க வழி பார்ப்போம். அதுவரைக்கும் ஓடவிடாதே. மூச்சு வாங்கினா உடனே உட்காரணும். பார்த்துக்கோ.”

இவ்வளவுதான் கூகை சொன்னார். மறுநாள் அம்மா அதை டீச்சரிடம் சொல்லும்போது, தாய் மனசு தாங்காமல் ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். “அவ எதுக்கும் திடுக்கிடாம பார்த்துக்கோங்க டீச்சர்.”

டீச்சர் அதை இன்னும் பெரிதாக எடுத்துக்கொண்டார். தும்பை வராத ஒரு நாளில் எல்லோரையும் உட்கார வைத்தார்.

“இன்னையிலிருந்து தும்பை இருக்கிற இடத்துல ஒரு சின்னச் சத்தம்கூட வரக் கூடாது! சத்தம் கேட்டா அவ நெஞ்சு நின்னுடும். இதை அவகிட்டே யாரும் சொல்லவும் கூடாது. கேட்டா மனசு உடைஞ்சு போயிடும். புரிஞ்சுதா?”

எல்லோருக்கும் புரிந்தது. எல்லோருக்கும் தும்பையைப் பிடிக்கும். அதனால் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

தவளைகள் தங்களை மறந்து கத்திவிடாமல் இருக்க வாய் நிறையத் தண்ணீரை அடக்கிக்கொண்டன. பள்ளிக்கூட மணி அடிக்கும் மரங்கொத்தி, வைரம் பாய்ந்த மரத்தை விட்டுவிட்டு வாழைத்தண்டைக் கொத்தியது. சொத சொத என்று ஒரு சத்தம் வந்தது. மணி அடித்தது யாருக்குமே தெரியவில்லை. நடந்தால் முட்கள் சலசலக்கும் என்று டீச்சர் தன் முட்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கொடியால் இறுக்கிக் கட்டிக்கொண்டார். விறகுக் கட்டு நடந்து வருவது போல இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் சத்தம் வருமே!

சொர்ணத்துக்குத்தான் எல்லோரையும் விடக் கஷ்டம். தும்பையைப் பார்த்ததும் தொண்டை வரைக்கும் அந்தப் பெயர் வந்துவிடும். கோரைப்புல்லை எடுத்து அலகைச் சுற்றிக் கட்டிக்கொள்வாள். தும்பையின் கண்ணைப் பார்த்தால் புல்லையும் மீறிக் கத்திவிடுவோம் என்று வானத்தைப் பார்ப்பாள்.

இவ்வளவும் தும்பைக்காகத்தான். ஆனால் தும்பையின் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிந்தது ஒன்றே ஒன்று. அவள் வந்தால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

அன்று மாலை அவள் வீட்டில், “நாளைக்கு நான் பள்ளிக்கூடம் போகலைம்மா” என்றாள்.

“ஏண்டா கண்ணு?”

“கால் வலிக்குது.”

அம்மா நான்கு காலையும் நக்கிவிட்டாள்.

ஆனாலும் காலையில் போனாள். வகுப்புக்குப் போகவில்லை. சுனையின் மறுகரையில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. அதன் பக்கத்தில் சருகுக் குவியல். அங்கே போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டாள். அங்கிருந்து பார்த்தால் எல்லோரும் தெரிவார்கள். அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று டீச்சரும் கூப்பிடவில்லை. மாறாக, “பாவம், ஓய்வெடுக்கட்டும். இன்னும் மெதுவா மூச்சு விடுங்க!” என்று மற்றவர்களுக்குச் சைகை காட்டினார்.

அந்த அமைதியில் தும்பைக்கு ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. அவளுடைய நெஞ்சின் சத்தம். மற்றவர்களுக்கு லப், டப் என்று அடிக்கும். அவளுக்கு நடுவில் ஒரு காற்றுச் சத்தம். லப், ஸ்ஸ்ஸ், டப். லப், ஸ்ஸ்ஸ், டப். முன்பெல்லாம் பள்ளிக்கூடக் கூச்சலில் அது கேட்கவே கேட்காது. இப்போது அது மட்டும்தான் கேட்டது. ஒவ்வொரு ‘ஸ்ஸ்ஸ்’ வரும்போதும், அடுத்த ‘டப்’ வருமா என்று காத்திருந்தாள்.

அதைக் கேட்காமல் இருக்க, பின்னங்காலால் கீழே கிடந்த மரத்தை ஒருமுறை தட்டினாள். டக்! பிறகு சட்டென்று நிறுத்திவிட்டாள். சருகுமான்களுக்கு உரத்த குரல் கிடையாது. ஆபத்து வந்தால் பின்னங்காலால் தரையைத் தட்டித்தான் மற்றவர்களைக் கூப்பிடும். “அது விளையாட்டில்லை, வீணா தட்டக் கூடாது” என்று அம்மா சொல்லியிருக்கிறாள். தட்டினாலும் யார் வரப்போகிறார்கள்?

இப்படியே நாட்கள் போயின.

அந்தக் காட்டில் ஒரு காட்டுப்பூனை இருந்தது. அந்தச் சுனைப் பக்கம் வர அதற்கு ரொம்ப நாளாக ஆசை. ஆனால் வரமுடியாது. அது ஒரு புதரைத் தாண்டினாலே சொர்ணம் ஊரைக் கூட்டிவிடுவாள். இப்போது சில நாட்களாகச் சுனைப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பூனைக்கு ஆச்சரியம். மெதுவாகக் கரையோரம் வந்து பார்த்தது. நடுச்சுனையில், அல்லி இலைமேல் ஒரு குண்டுத் தவளை கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தது.

“என்ன தம்பி, பல்வலியா?” என்று பூனை கேட்டது.

தவளை தலையை ஆட்டியது. பூனைக்குத் தண்ணீர் ஆகாது என்று அதற்குத் தெரியும். அதனால் தைரியமாக வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டுச் சொன்னது.

“பல்வலியெல்லாம் இல்லை. எங்க தும்பைக்கு இதயத்துல ஓட்டை. அவளுக்காக நாங்க யாரும் கத்தறதில்லை.”

“அட பாவமே! அந்த ஆட்காட்டிகூடவா கத்தறதில்லை?”

“அவதான் வாயையே கட்டியிருக்காளே!”

“டீச்சரோட முள்ளு?”

“அதையும் கட்டியாச்சு!”

பூனை கண்ணைத் துடைத்துக்கொண்டது. “எப்பேர்ப்பட்ட நல்ல மனசு உங்களுக்கு! இப்படியே இருங்க தம்பி. நானும் சத்தம் போடாமலே வந்துட்டுப் போறேன்.”

“ரொம்ப நன்றி!” என்றது தவளை. மறுபடியும் வாயில் தண்ணீரை நிரப்பிக்கொண்டது.

மறுநாளே பூனை வந்தது. சொன்னபடியே சத்தமில்லாமல் வந்தது.

சொர்ணம்தான் முதலில் பார்த்தாள். மறுகரையில் புல் அசைந்தது. காற்றே இல்லாதபோது புல் ஏன் அசைய வேண்டும்? அடுத்து, நுனியில் மயிர்க்கொத்து உள்ள காதுகள் தெரிந்தன. அதற்கு நேர் எதிரே, விழுந்த மரத்தின் பக்கத்தில் தும்பை தனியாகப் படுத்திருந்தாள்.

சொர்ணத்தின் தொண்டையில் கூச்சல் முட்டியது. ஆனால் கத்தினால் தும்பையின் நெஞ்சு நின்றுவிடுமே! கத்தாவிட்டால் பூனை அவளை எடுத்துப்போய்விடும். அவள் பறந்துபோய் டீச்சரின் காதில் கிசுகிசுத்தாள்.

“டீச்சர், பூனை!”

“எங்கே?” டீச்சரும் கிசுகிசுத்தார்.

“தும்பை பக்கத்துல!”

“ஐயோ! கத்தாதே!”

“பின்னே என்ன டீச்சர் செய்யறது?”

“மெதுவா... எல்லாரும் மெதுவா ஓடுங்க!”

எல்லோரும் நுனிக்காலில் ஓடினார்கள். நுனிக்காலில் யாரால் வேகமாக ஓட முடியும்? அதுவும் சுனையைச் சுற்றிக்கொண்டு!

மறுகரையில் பூனை தும்பையின் எதிரே வந்து நின்றுவிட்டது.

“ஓட மாட்டியே?” என்று அன்பாகக் கேட்டது. “உன்னால ஓட முடியாதுன்னு எனக்குத் தெரியும். கூப்பிட்டாலும் யாரும் வர மாட்டாங்க. நீ வந்தாலே பேச்சை நிறுத்திடறாங்களே! அவங்களுக்கு நீ யாரு?”

தினமும் இந்தச் சருகுக் குவியலில் படுத்துக்கொண்டு அவள் நினைத்ததைத்தான் பூனையும் சொன்னது. லப், ஸ்ஸ்ஸ், டப் என்று நெஞ்சு அடித்தது. ஓடினால் பத்தடி தாண்டுவதற்குள் விழுந்துவிடுவாள். யாரும் வரப்போவதில்லை. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

இருந்தாலும் பின்னங்காலைத் தூக்கி மரத்தைத் தட்டினாள்.

டக்! டக்! டக்! டக்!

உலர்ந்த மரம். உள்ளே வெறும் பொந்து. சத்தம் சுனை முழுக்கப் பரவியது.

பாதி வழியில் சொர்ணம் அதைக் கேட்டாள். ‘தும்பை கூப்பிடறா! சத்தம் போட்டுக் கூப்பிடறா!’ அலகில் கட்டியிருந்த கோரைப்புல்லைக் காலால் கிழித்து எறிந்தாள்.

“பூனை! பூனை! காட்டுப்பூனை! விடாதீங்க!”

இத்தனை நாள் அடக்கிவைத்த கூச்சல் அத்தனையும் வெளியே வந்தது. தவளைகள் தண்ணீரைப் பீய்ச்சித் துப்பிவிட்டுக் கத்தின. மரங்கொத்தி வைரம் பாய்ந்த மரத்தில் போய்ப் படபடவென்று கொத்தியது. அணில்கள் கீச்சிட்டன. டீச்சர் மூச்சை உள்ளே இழுத்து உடம்பை உப்பினார். கொடி பட்டென்று அறுந்தது. முட்கள் சலசலவென்று விரிந்தன. திடீர்க் கூச்சலில் பூனை திகைத்து நிற்கும்போதே அவர் மறுகரைக்கு ஓடி, பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டு நேராக அதன் மேல் பாய்ந்தார்.

“சத்தம் போடாமலா வர்றே? இப்போ போட்டுப் பாரு!”

பூனை சத்தம் போட்டது. மூக்கில் தைத்த முட்களோடு காட்டுக்குள் ஓடியது. அது போன பிறகும் வெகுநேரம் அதன் அலறல் கேட்டது.

எல்லோரும் தும்பையைச் சுற்றி வந்தார்கள். அவள் பக்கவாட்டில் படுத்திருந்தாள். மூக்கு நுனி நீலமாக இருந்தது. வயிறு வேகமாக ஏறி இறங்கியது. அதைப் பார்த்ததும் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். மறுபடியும் அதே அமைதி.

தும்பை ஏதோ முனகினாள். சொர்ணம் காதைக் கொண்டுபோனாள்.

“நிறுத்தாதீங்க.”

“என்ன?”

“சத்தம்... நிறுத்தாதீங்க. நீங்க பேசாம இருந்தா என் நெஞ்சு சத்தம் மட்டும்தான் எனக்குக் கேக்குது. பயமா இருக்கு.”

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. குண்டுத் தவளைதான் முதலில் தயங்கித் தயங்கி ஒரு ‘க்ராக்’ விட்டது. தும்பை கண்ணை மூடிக்கொண்டாள். காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பியது. இன்னொரு தவளை ‘க்ராக்’ என்றது. அணில்கள் பூனையின் மூக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தன. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் பேச்சும் யாருக்கும் புரியவில்லை. தும்பையின் மூச்சு மெல்ல மெல்ல அடங்கியது.

கூச்சல் கேட்டு விழித்து, பட்டப்பகலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கூகை வைத்தியர் வந்து சேர்ந்தார். தும்பையின் நெஞ்சில் காதை வைத்தார். “ஓட்டை அப்படியேதான் இருக்கு. ஆனா ஓடாம இருந்தாளே, புத்திசாலி. கொஞ்ச நாள் வீட்டுல படுத்திருக்கட்டும், போதும்” என்றார்.

“நாங்க இவ்வளவு சத்தம் போட்டுட்டோமே ஐயா!” என்றார் டீச்சர்.

“சத்தம் போடக் கூடாதுன்னு நான் எப்பம்மா சொன்னேன்? ஓடவிடாதேன்னு சொன்னேன்!”

டீச்சர் தலை குனிந்தார். பிறகு எல்லாவற்றையும் தும்பையிடம் சொன்னார். கொடி, வாழைத்தண்டு, தண்ணீர், கோரைப்புல், ஒன்றையும் விடவில்லை. “உனக்காகத்தான்டா செய்தோம்.”

தும்பை தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“உங்களுக்கெல்லாம் என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சேன் டீச்சர். என்கிட்டே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!”

ஒருவருக்கு நல்லது செய்ய நினைத்தால், என்ன வேண்டும் என்று முதலில் அவரிடமே கேட்க வேண்டும். எத்தனையோ பாடம் நடந்த அந்தப் பள்ளியில் இந்தப் பாடத்தை அன்றுதான் எல்லோரும் படித்தார்கள். டீச்சரும் படித்தார்.

“சரி, இப்போ கேக்கறேன். உனக்கு என்ன வேணும்?” என்றார் டீச்சர்.

“நான் உட்கார்ந்தா யாராவது பக்கத்துல உட்காரணும். ஓட்டப் பந்தயம் வெச்சா நான்தான் காலால தட்டித் தொடங்கி வைப்பேன். அப்புறம்...” தும்பை சொர்ணத்தைப் பார்த்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள். “அப்புறம் ஒண்ணுமில்லை.”

சில நாள் கழித்துத் தும்பை பள்ளிக்குக் கிளம்பினாள். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது. கூகை சொன்னபடி ஒரு வேரின் மேல் உட்கார்ந்தாள். அங்கிருந்தே பள்ளிக்கூடக் கூச்சல் கேட்டது. டொக் டொக்கென்று மணி கேட்டது. சொர்ணம் ஆமை அண்ணனைக் கேலி செய்வதும் கேட்டது. தும்பை எழுந்து மெதுவாக நடந்தாள்.

நாவல் மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

அவளைப் பார்த்ததும் பள்ளிக்கூடம் கப்பென்று அடங்கிவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. இத்தனை நாள் பழக்கம்.

தும்பையின் கால் நின்றது. லப், ஸ்ஸ்ஸ், டப்.

அவள் பாறையை நிமிர்ந்து பார்த்தாள். சொர்ணம் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். வானத்தைப் பார்க்கவில்லை. றெக்கையை விரித்தாள். ஒரு குதி குதித்தாள். காட்டின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும்படி கூவினாள்.

“தும்பை வந்துட்டா! நடக்கிற சருகு வந்துட்டா!”